பள்ளியிலிருந்து வரும் சேதியில் பெற்றோர் பார்க்க வேண்டியது எது?

அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து ஓராண்டில் வீடுகளுக்குப் போகும் சேதிகள் ஏராளம். விடுமுறை அறிவிப்பு, சீருடை வழங்கும் நாள், தேர்வு அட்டவணை, சுதந்திர தின விழா, மருத்துவ முகாம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், குடற்புழு மாத்திரை வழங்கும் நாள் என்று அவை பிள்ளையின் நோட்டில் எழுதியும், வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும், பள்ளி வாசலில் வாய்மொழியாகவும் போய்ச் சேர்கின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து இவற்றை அனுப்பிவருபவன் என்ற முறையில் நான் தொடர்ந்து பார்த்துவருவது ஒன்று உண்டு. பிள்ளை மேடையேறும் நிகழ்ச்சி என்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டுக்கூடப் பெற்றோர் வந்துவிடுகிறார்கள். பெற்றோரே பேச வேண்டிய, கேள்வி கேட்க வேண்டிய நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. இதை அக்கறையின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பள்ளிகள் அனுப்பும் அறிவிப்புகளைப் படித்துப் பார்த்தால், நாளும் நேரமும் இருக்கின்றனவே தவிர, எதற்காக வர வேண்டும், வராமல் போனால் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போகும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பும் நோக்கத்துடன், ஓராண்டில் வரும் முக்கியமான நாள்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவின்படி அமையும் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. தலைவர் பொறுப்பு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்கு உரியது. துணைத் தலைவர் பொறுப்பில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோருக்கு முன்னுரிமை உண்டு. குழுவின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஆகவே மறுகட்டமைப்புக்கான பெற்றோர் கூட்டம் என்று ஓர் அறிவிப்பு வந்தால், அது வழக்கமான கூட்டம் என்று எண்ணிவிடாமல், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பள்ளியில் உங்கள் சார்பாகப் பேசப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதந்தோறும், பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், நடக்கும் இக்கூட்டத்தில் கழிப்பறையின் நிலை, குடிநீர், சுற்றுச்சுவர், நீண்ட நாள் வராத பிள்ளைகள், உணவின் தரம், பள்ளிக்கு வந்த மானியத்தின் செலவு ஆகியவை பேசப்பட வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் சட்டப்படி இக்குழுவின் வேலைதான். தீர்மானங்கள் இப்போது செயலியில் பதிவேற்றப்படுவதால், பள்ளியின் கோரிக்கை ஒரு பதிவேட்டுக்குள் முடங்கிவிடாமல் மேலதிகாரிகளின் பார்வைக்குப் போகிறது. கூட்டத்துக்கு வரும் தாய்மார்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, போன மாதம் போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று என்ற கேள்வியோடு தொடங்குங்கள் என்பதே. இந்த ஒரு கேள்வி எழும் பள்ளியில் கூட்டம் சடங்காக நடப்பதில்லை. கையெழுத்து வாங்குவதற்காகப் பதிவேடு வீட்டுக்கு வந்தால், எதில் கையெழுத்திடுகிறோம் என்று படித்துக் காட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை. தலைமை ஆசிரியர்கள் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் நிலையையும் பள்ளிகள் எண்ணிப்பார்க்க வேண்டும். நூறு நாள் வேலையிலோ, நடவு வேலையிலோ, பனியன் கம்பெனியிலோ இருக்கும் ஒரு தாய்க்கு முந்தைய நாள் மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் அழைப்பு பயன்படாது. செல்போன் பெரும்பாலும் கணவரிடம் இருக்கிறது. அவர் வெளியூரில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் வீட்டில் குழுச் செய்தியைப் பார்ப்பவரே இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே பிள்ளையின் நோட்டில் எழுதியனுப்பி, வீட்டில் யாராவது கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பச் செய்வது பழைய முறைதான் என்றாலும் அதற்கு இணையான வேறு முறையை நான் காணவில்லை. உறுப்பினர் அல்லாத பெற்றோரும் தங்கள் தேவையை உறுப்பினரிடம் சொல்லி அனுப்பலாம். தெருவில் யார் உறுப்பினர் என்று தெரியாவிட்டால் பள்ளியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

பள்ளியால் தன் அளவில் முடிக்க இயலாத வேலைகளுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் காலையில் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பும் பெற்றோர், அன்றே நடக்கும் கிராம சபையில் பழுதடைந்த கழிப்பறையைப் பற்றியோ பள்ளிக்கு வரும் சாலையைப் பற்றியோ பேசித் தீர்மானமாக எழுதவைத்தால், மேலாண்மைக் குழுவின் கோரிக்கைக்கு ஊரின் ஆதரவும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது உடல்நலம். நான் பார்த்தவரை அறிவிப்புக்கும் பயனுக்கும் இடையில் மிகப் பெரிய இடைவெளி இங்கேதான் இருக்கிறது. ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வந்து, பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சியில் ஏற்படும் தாமதங்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் தேடிப் பார்க்கிறது. பார்வை மங்கல், காதில் சீழ், சொத்தைப் பல், இரத்தசோகை, சில வேளைகளில் இதயத்தில் பிறவியிலேயே உள்ள ஓட்டை வரை இந்தப் பரிசோதனையில் தெரியவருகின்றன. சிக்கல் இருப்பதாகத் தோன்றினால் அரசு மருத்துவமனைக்கோ, பிள்ளைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ பரிந்துரைச் சீட்டு எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்துவிட்டால், முகாம் நடந்தும் நடக்காததாகிவிடுகிறது.

பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறான் என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடிக் கேட்கிறேன். கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியாத பிள்ளை, தனக்குத் தெரியவில்லை என்பதையே அறியாது; எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போகும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு வகுப்பில் சொன்னதைக் கேட்பதில்லை என்ற பெயர்தான் மிஞ்சும். ஆகவே மருத்துவ முகாம் பற்றிய அறிவிப்பு வந்தால் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். வீட்டில் நீங்கள் கவனித்ததை, அதாவது இரவில் வாயால் மூச்சு விடுவது, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவது, சீக்கிரம் களைத்துப்போவது போன்றவற்றை, முகாமுக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். முகாம் முடிந்த மாலையில் சீட்டு ஏதாவது கொடுத்தார்களா என்று பிள்ளையிடம் கேட்பதோடு நிறுத்தாமல் ஆசிரியரிடமும் கேளுங்கள். இத்திட்டத்தின் வழியாகப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கென வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமின் தேதியும் பள்ளி வழியாகத்தான் வரும். தனித்துவ அடையாள அட்டைக்கும் உதவி உபகரணங்களுக்கும் அதுவே வாசல் என்பதால், அந்த நாளை எதற்காகவும் தவறவிடக் கூடாது.

தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று தரப்படுகிறது. அதை மென்று விழுங்க வேண்டும். புழு அதிகமாக உள்ள பிள்ளைக்கு லேசான வயிற்றுவலியோ வாந்தியோ வரலாம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இதை அறியாத வீடுகளில்தான், மாத்திரை போட்டால் மயக்கம் வருமாம் என்ற பேச்சு பரவி, அன்றைக்கு மட்டும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கும், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கும் அன்று மாத்திரை தரப்படாது. அதை ஆசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவர் பெற்றோர்தான். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கிறார்கள். அதேபோல 5 முதல் 6 வயதில் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், 10 வயதில் இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்குமான தடுப்பூசியும் உண்டு. முதல் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் தடுப்பூசி நாள் அறிவிப்பு வந்ததும் பிள்ளையின் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துவைப்பது நல்லது.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றி அறியாத குடும்பம் இன்று இருக்காது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட அது, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனாலும் பள்ளி தொடங்கும் மணிக்குச் சற்று முன்பு மட்டும் வந்து சேரும் பிள்ளைகள் உணவைத் தவறவிடுகிறார்கள். வீட்டில் சமைக்க நேரமில்லாததால்தான் தாமதமாகிறது என்று சொல்லும் தாய்மார்களுக்கு, சமைக்காமலே அனுப்பிவையுங்கள், இங்கே சுடச்சுடப் பொங்கல் இருக்கிறது என்பதே என் பதில்.

படிப்பைப் பற்றிய கூட்டங்களுக்கு வருவோம். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவை குறித்துப் பெற்றோரோடு தொடர்ந்து கூட்டம் நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிப்படுத்த 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிந்து கற்கிறார்கள். பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்பதைக் காட்டிலும், எந்த நிலையில் இருக்கிறான், அடுத்த நிலைக்குப் போக வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆசிரியரால் பயனுள்ள பதிலைத் தர முடியும். மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையைத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஒரு பத்தியைத் தினமும் உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சில வாரங்களில் மாற்றம் தெரிகிறது. கேட்பவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

விழாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகவும், நவம்பர் 14 குழந்தைகள் தினமாகவும் கொண்டாடப்படுகின்றன. கலைத் திருவிழா இப்போது தொடக்க வகுப்புப் பிள்ளைகளையும் எட்டியிருக்கிறது. மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு உடை எடுக்கக் கடன் வாங்குவது வேண்டாம், தாத்தாவின் துண்டும் கைத்தடியும் போதும். விழாவில் எடுத்த படங்களைப் பகிரும்போது, மற்றவர் பிள்ளைகளின் முகமும் பெயரும் வகுப்பும் பொதுவெளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகளும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஆவணங்களுக்கான நாள்களும் பள்ளி வழியாகவே வருகின்றன. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிவாகியிருக்காது. ஐந்து வயது நிறைந்ததும் அவற்றைப் பதிய வேண்டும், பதினைந்தில் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பள்ளிகளிலேயே ஆதார் பதிவு நடத்தப்படுவதால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவதற்கு முன் உங்கள் பள்ளிக்கு எப்போது வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் (இனிஷியல்) ஒன்றாக இருக்கின்றனவா என்று தொடக்கப்பள்ளியிலேயே சரிபார்த்துவிட்டால், பத்தாம் வகுப்பில் வரும் அலைச்சல் மிச்சமாகும்.

ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கலாம். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. விஜயதசமி நாளிலும் பல பள்ளிகள் திறந்திருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஏப்ரலில் வரும் மாற்றுச் சான்றிதழ் (டிசி) அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். டிசி கேட்டால் பள்ளி அதை உடனே தர வேண்டும். அது தாமதமாவதைக் காரணம் காட்டி ஆறாம் வகுப்பில் சேர்க்க மறுப்பதையும் சட்டம் அனுமதிக்கவில்லை. கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரப்பட்டுள்ள எமிஸ் எண் அடுத்த பள்ளியிலும் அதேதான் தொடரும் என்பதால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, டிசியில் பெயர், பிறந்த தேதி, தந்தை தாய் பெயர் ஆகியவற்றை அலுவலக மேசையில் நின்றே வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்ட பிறகு பதிவேட்டில் கையெழுத்திடுங்கள்.