நோட்டில் இருக்கும் பேய் யார்?

"நோட்டு பூரா பேயாவே வரையறான் மேடம். அதியமான்கோட்டை பைரவர்கிட்ட கூட்டிட்டுப் போயாச்சு, மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு." தர்மபுரியில் குழந்தைகள் மனநல ஆலோசகரான என்னிடம் பேரனைக் கூட்டிவந்த ஆயா சொன்னது. பையனுக்கு 8 வயது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கணக்கு நோட்டு. நீலப் பேனாவைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, கட்டம் கட்டமாக ஒரு கதை. கொம்பு முளைத்த பேய் வாசலில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்க்காமல் சோறு தின்கிறார்கள். பேய்க்குக் கண் இருக்கிறது, வாய் இல்லை. அப்பனா, மாமனா என்று என் புத்தி ஓடியது, தொழில் கோளாறு. "இதப் பத்திச் சொல்லேன்" என்று மட்டும் கேட்டேன்.

"இது நான்தான்."

எமில் ஃபெர்ரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' (2017) என்ற படக்கதை நாவல் ஞாபகம் வந்தது. 1960களின் சிகாகோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி தன்னையே ஓநாய் மனுஷியாக வரைந்துகொள்கிறாள். புத்தகமே அவளுடைய கோடு போட்ட நோட்டு போலத்தான் இருக்கும். பேயைப் பார்த்ததும் வெளியே வில்லனைத் தேடுகிறோம். பிள்ளை தன்னையே வரைந்திருக்கலாம்.

இவன் அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அவர் இறந்து ஒரு வருடம். எப்படி இறந்தார் என்று ஊர் குசுகுசுத்தது அவன் காதிலும் விழுந்திருந்தது. அம்மா இறப்பதற்கு முந்தின நாள் சைக்கிள் கேட்டு அவரிடம் சண்டை போட்டிருக்கிறான். நம் கோபத்தால்தான் இப்படி ஆனது என்று இந்த வயதில் நம்புவது சகஜம். வீட்டில் யாரும் வாய் திறக்காவிட்டால் அது அப்படியே இறுகிவிடும்.

பேய்ப் படம் பெரும்பாலும் வெறும் விளையாட்டுதான்; ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, விட்டுப்போன படுக்கை நனைத்தலும் திரும்ப வந்தால் ஆலோசகரைப் பாருங்கள். பெயர்களை எடுத்துக்கொடுத்து "அவனா, இவனா" என்று குடையக் கூடாது. பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் மட்டும் குடும்ப மானம் பார்க்க இடமே இல்லை. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கூப்பிடலாம்.

உண்மையைப் பேரனிடம் எப்படிச் சொல்வது என்று ஆயாவை மூன்று தடவை தனியாகச் சொல்லிப் பார்க்க வைத்தேன். மூன்று தடவையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான்காவது தடவை பேரனை மடியில் இழுத்து வைத்து, "அம்மா செத்துப்போச்சு சாமி. உன்னால இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும் ஆயா," என்றான். "உனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சேன்."