நீர்வடிப்பகுதித் திட்டம்: கிராம சபையில் என்ன கேட்கலாம்?

ஒரு கண்மாய் நிரம்பி கலுங்கு (உபரி நீர் வழியும் வாய்) பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் கடல். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருசநாட்டு மலையில் புறப்படும் வைகையே இங்கே பெரிய கண்மாயில் வந்து சேர்ந்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலைத் தொடுகிறது. அரசுத் தாளில் ‘நீர்வடிப்பகுதி’ என்று எழுதுவது இந்தச் சங்கிலியின் ஒரு துண்டைத்தான். எந்த மேட்டில் விழும் மழை எந்தப் பள்ளத்துக்கு வடிகிறதோ, அந்த நிலம் முழுவதும் ஒரே கணக்கு. ஊர் எல்லை, தாலுகா எல்லை எல்லாம் தண்ணீருக்குத் தெரியாது.

இதற்கான மத்திய அரசுத் திட்டம், பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பிரிவு. இதன் இரண்டாம் கட்டம் 2021-22 முதல் 2025-26 வரைக்கென அறிவிக்கப்பட்டது. சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய், அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. 5,000 ஹெக்டேர் கொண்ட ஒரு தொகுப்பு என்றால் 11 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் பல ஊர்களுக்கும் சில வருடங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதனால் எங்கே செலவழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதை முடிவு செய்யும் இடம் கிராம சபை. சபை அமைக்கும் நீர்வடிப்பகுதிக் குழுவில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும் என்கிறது 2008 பொது வழிகாட்டி. பாதிப் பேர் சுய உதவிக் குழுக்கள், பயனாளர் குழுக்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், நிலமில்லாதவர்கள் தரப்பிலிருந்து வர வேண்டும். ஆடு மேய்ப்பவருக்கும், சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுபவருக்கும் கண்மாய் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பில்) பிழைப்பு இருக்கிறது. பட்டாதாரர்கள் மட்டும் உட்கார்ந்து கருவையை வெட்டலாம் என்று தீர்மானம் போட்டால் அது பாதித் திட்டம்தான்.

விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே போய்விடுங்கள். ஒப்புதல் ஆன பிறகு “எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை விட்டுவிட்டீர்களே” என்று கேட்டுப் பெரிய பலன் இருக்காது. வேலை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை. மேலே வரத்துக்கால் தூர்ந்து கிடக்க, கீழே கண்மாயை மட்டும் தோண்டினால் பள்ளம்தான் மிஞ்சும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் எடுத்த ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கும் வரத்து வந்தால்தான் தண்ணீர்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு விஷயம். மண்டபம் போன்ற மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. மழைநீர் இறங்குவது குறைந்தாலும் மோட்டார் போட்டு அதிகம் இறைத்தாலும் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஆகவே “ஊரணியை இன்னும் ஆழமாக வெட்டுங்கள்” என்று மனு கொடுக்கும் முன் பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் உவர் தட்டுகிறது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஆழத்தைவிட அகலம் நல்லது. அதைவிட, ஊரணிக்குத் தண்ணீர் வரும் பாதையைச் சரிசெய்வது நல்லது.

“இது எங்கள் கண்மாய் இல்லை” என்று அலுவலகங்களில் பதில் வரும், எனக்கும் வந்திருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடம். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

அப்புறம், பலரும் கேட்க மறப்பது பராமரிப்பு நிதி. தனியார் நிலத்தில் நடக்கும் வேலைக்குப் பயனாளி குறைந்தது 10 சதவீதம் பங்களிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள் என்றால் 5 சதவீதம். பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். இது தனி வங்கிக் கணக்கில் சேர்ந்து, திட்டம் முடிந்த பிறகு பொது இடத்துத் தடுப்பணை, ஊரணி போன்றவற்றைப் பழுதுபார்க்க உதவ வேண்டும். தனியார் நிலத்து வேலையை இதிலிருந்து பழுதுபார்க்க முடியாது. அதிகாரிகள் போன பிறகு ஊருக்கு மிஞ்சுவது இந்தக் கணக்குதான். அந்தக் காலத்தில் நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளந்து மடையைக் காத்தோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு.

கண்மாய் வண்டலுக்கு இந்தத் திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு அறிவித்த நீர்நிலைகளில் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் குழு உறுப்பினர் பட்டியல், திட்ட அறிக்கையின் வரைபடம், பராமரிப்பு நிதியின் பாஸ்புக் மூன்றையும் சபையில் வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் கண்மாயின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.