சென்னைக்கு டிக்கெட் போடும் முன்: இலங்கையிலிருந்து கிட்னி மாற்றுக்கு வருகிறவர்களுக்கு

ஒரு திங்கட்கிழமை காலை. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் டயாலிசிஸ் குழாய், அதன் மேல் பழுப்பேறிய பிளாஸ்திரி. மடியில் ஜவுளிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டுகள். "காணியை ஈடு வச்சுப்போட்டு வந்திருக்கிறம். கிட்னி இஞ்சையே எடுக்கலாம் எண்டு சொன்னவை" என்றார் மனைவி. யார் சொன்னது என்று கேட்டேன். ஊரில் ஒருவர், அவருக்கு இங்கே தெரிந்த ஒருவர் என்றார்கள்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நோயாளி, கொடையாளர், மருத்துவர்கள், அரசுக் குழு எல்லோருக்கும் இடையில் கோப்போடு ஓடுவதுதான் என் வேலை. அந்தத் தம்பதிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் விஷயம்: கிட்னி இங்கே கிடைக்காது. அது உங்களோடு வர வேண்டும்.

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது, 2011-இல் திருத்தப்பட்டது. அதன்படி நெருங்கிய உறவினர் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். சித்தப்பா, மச்சான், பெறாமகன் இந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு நோயாளிக்கு ஓர் இந்தியர் கிட்னி கொடுப்பதற்கு, இருவரும் இந்தப் பட்டியலுக்குள் வரும் உறவாக இல்லாவிட்டால், அனுமதியே கிடையாது. மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி கிடைக்குமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2008 முதல் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்தக் கிட்னிக்காக இங்கே உள்ளவர்களே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதலில் இந்தியர்கள், பொருத்தமான இந்தியர் யாருமே இல்லையென்றால்தான் வெளிநாட்டவர். அதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

"காசு கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்கிறேன்" என்று யாராவது சொன்னால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கிட்னியை விற்பது, வாங்குவது, நடுவில் நின்று ஏற்பாடு செய்வது எல்லாமே குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் வில்லிவாக்கத்தை ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே சொன்னார்கள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் மீனவப் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற செய்தி 2007-இல் வெளியே வந்தது. தரகர் சொல்கிற அந்த 'ஆள்' இப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வருவார்.

அடுத்தது காகிதங்கள். பலரும் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதிக நாள் இழுப்பது இதுதான். நோயாளியோ கொடையாளரோ வெளிநாட்டவர் என்றால், சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும், அனுமதி தரும் அரசின் அங்கீகாரக் குழு முன்னால் வந்தே ஆக வேண்டும். உங்கள் நாட்டுத் தூதரகத்தின் மூத்த அதிகாரி ஒருவர் உறவை உறுதிப்படுத்திச் சான்று தர வேண்டும். அதற்குப் பெயர் படிவம் 21. குழு இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும், வீடியோவில் பதிவு செய்யும். கணவன் மனைவி என்றால் கல்யாண ஆல்பம் கேட்பார்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள்.

ஒரு முறை அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பியின் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். பழைய குடும்பப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தம்பி பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஓரமெல்லாம் நீர் பட்டு ஊதிப்போய், அம்மாவின் முகமும் ஒரு சின்னப் பையனின் கால்சட்டையும் மட்டும் தெரிந்தன. "2009-இல இடம்பெயரேக்க மிச்சமானது இது ஒண்டுதான் அக்கா" என்றார். நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இப்படி ஆவணம் தொலைந்தவர்களுக்கு வழி இருக்கிறது. காகிதத்தால் உறவு நிலைநாட்டப்படாவிட்டால் மரபணுப் பரிசோதனை மூலம் காட்டலாம். ஆனால் அதற்கும் நாள் ஆகும், செலவாகும். பத்திரங்களின் பிரதியை அங்கேயே எடுத்து, பெயர்களை பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வந்தால் இங்கே விடுதி வாடகை கட்டிக் காத்திருக்க வேண்டாம். நோயாளியும் கொடையாளரும் மருத்துவ விசாவில்தான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எப்போது வருவது என்பதிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கிரியாட்டினின் (கிட்னி வேலை குறையக் குறைய இரத்தத்தில் ஏறுகிற கழிவு) 2.1 என்று ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பதறி வருபவர்கள் ஒரு பக்கம். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது மாற்றும் தேவையில்லை, டயாலிசிஸும் தேவையில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் இவற்றைக் கட்டுப்படுத்தி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இருக்கிற கிட்னியே பல வருடம் ஓடும். அதற்கு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிளினிக்குக்குப் போனால் போதும். இன்னொரு பக்கம், கடைசி நேரத்தில் கழுத்துக் குழாயோடு வருகிறவர்கள். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்றிருக்கும்) 20-க்குக் கீழே இறங்கும்போதே மாற்றுக்கான பரிசோதனைகளை ஆரம்பித்துவிடலாம் என்பார்கள் எங்கள் மருத்துவர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டால் அது முதிர்ந்து ஊசி ஏற்ற ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். அதை ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். குழாயில் கிருமி தொற்றினால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அதேபோல் இரத்தம் குறைவு என்றதும் இரத்தம் ஏற்றச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகலாம், பிறகு சொந்தத் தங்கையின் கிட்னிகூடப் பொருந்தாமல் போகலாம். ஊசி மருந்தால் சமாளிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கொடையாளருக்கும் முதல் கட்டச் சோதனைகளை ஊரிலேயே செய்துவிடலாம். இரத்த வகை, சர்க்கரை, அழுத்தம், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன். இங்கே வந்து முதல் நாளே சர்க்கரை இருப்பது தெரிந்து திரும்பிப்போன மனைவிமார் எத்தனையோ பேர். அந்தக் கிளிநொச்சி அம்மாவும் அப்படித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இலங்கையில் அரசு மருத்துவமனைகளிலேயே, கண்டியிலும் கொழும்பிலும், கிட்னி மாற்று செய்கிறார்கள், இலவசமாக. காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனாலும் காணியை ஈடு வைப்பதற்கு முன்னால் அங்கே ஒரு முறை பெயர் கொடுத்துக் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சரி, வருவதென்று முடிவெடுத்தால் இரண்டு மூன்று மாதம் தங்கும் கணக்கில் வாருங்கள். மருத்துவமனை சொல்லும் பேக்கேஜ் தொகையில் ஆபரேஷனுக்கு முந்தைய டயாலிசிஸ், கொடையாளரின் சோதனைகள், கிட்னியை உடம்பு ஏற்காவிட்டால் தரும் மருந்து எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஊர் திரும்பிய பிறகு நடப்பதுதான். புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கிற டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை அந்தக் கிட்னி வேலை செய்யும் காலம் முழுக்கப் போட வேண்டும். அந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்குக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும். போட்டுவிட்டு எடுத்தால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்தால் கிட்னி போய்விடும். காய்ச்சல் என்று பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போவீர்கள். கிட்னி மாற்றியவர் என்று சொல்லாவிட்டால் அவர் எரித்ரோமைசின் எழுதலாம், அது டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் தடாலென்று இறக்கிவிடும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். இதையெல்லாம் கவனிக்க ஊரில் ஒரு சிறுநீரக மருத்துவரை, இங்கே வருவதற்கு முன்பே, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். அங்கே மாத்திரை எந்தக் கம்பெனியுடையது கிடைக்கிறது என்று கேட்டு வாருங்கள். கம்பெனி மாறினால் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்தக் கிளிநொச்சிக்காரர் அன்று திரும்பிப் போனார். எட்டு மாதம் கழித்துத் தன் அக்காவோடு வந்தார். கையில் முதிர்ந்த ஃபிஸ்டுலா. இந்த முறை பை இல்லை, பிரித்துப் பிரித்து அடுக்கிய இரண்டு ஃபைல்கள், ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது. குழு அனுமதித்தது, ஆபரேஷன் நடந்தது. இப்போதும் மாதம் ஒருமுறை வாட்ஸப்பில் தன் ரிப்போர்ட்டை அனுப்புவார். அதைப் பார்த்துவிட்டு நான் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா இந்த வருடச் சோதனைக்குப் போனாங்களா?" போன வாரம் பதில் வந்தது. அக்காவின் கிரியாட்டினின் 0.9. கூடவே அவர் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நிற்கிற ஒரு படம்.