திருமங்கலம் டு தல்லாகுளம்: ஆபீஸ் போய்வர எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பி வண்டியைத் தேர்ந்தெடுத்தால், தேவையில்லாத பேட்டரிக்கு இரண்டு மூன்று லட்சம் கூடக் கொடுக்க நேரிடும். "நான் தினமும் போகிற ரோடு எத்தனை யூனிட் தின்னும்?" என்று கேட்டுக்கொள்வதே சரி. விற்பவரிடம் இதற்குப் பதில் இருக்காது. நாமே கணக்குப் போட்டுவிடலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணி என்று எழுதுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஈ.பி. கார்டில் இருக்கும் அதே யூனிட்தான். எம்.ஜி. காமெட்டில் 17.3 யூனிட் பேட்டரி. டாடா டியாகோ மின்சாரக் காரில் 19.2, 24 என்று இரண்டு அளவு. டாடா பஞ்ச் 2024-இல் 25, 35 என்ற அளவுகளில் வந்தது. எம்.ஜி. விண்ட்சர் 38 யூனிட்டோடு வந்தது. பட்ஜெட் வண்டி என்றால் பேச்சு பெரும்பாலும் இந்த நாலைந்துக்குள்தான் சுற்றும்.

24 யூனிட் டியாகோ அறிமுகமானபோது விளம்பரத்தில் 315 கி.மீ. என்று போட்டார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த எண் ஆய்வகத்தில் உருளைகளின் மேல், ஏசி போடாமல், மிதமான வேகத்தில் ஓட்டி எடுத்தது. மே மாதம் மதியம் மதுரை பழங்காநத்தத்தில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது.

சரி, ரோட்டில் யூனிட் எங்கே போகிறது? முதலாவது டயர். ஆளோடு சேர்த்து 1,250 கிலோ இருக்கும் சின்னக் காரின் டயர்கள் நசுங்கி நசுங்கி உருளுவதற்கே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 37 வாட்-மணி செலவாகும் (ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது. டயரில் காற்று குறைந்தாலோ வண்டியின் எடை கூடினாலோ ஏறும்.

அடுத்தது எதிர்க்காற்று. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 32 வாட்-மணி போல எடுப்பது, 100-இல் போனால் 90-ஐத் தொடும். நான்குவழிச்சாலையில் கப்பலூர் தாண்டியதும் காலை அழுத்தினால் மீட்டர் மளமளவென்று இறங்குவது இதனால்தான். பேட்டரியில் கோளாறு எதுவும் இல்லை. மோட்டார் இழப்பையும் சேர்த்தால், 60-இல் 80 சொச்சம் வாட்-மணி கேட்கும் அதே வண்டி 100-இல் 150 கேட்கும்.

மூன்றாவது, ஏசி. மதுரைக்காரர்கள் இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் தூரத்துக்குத் தின்பவை, ஏசி நேரத்துக்குத் தின்பது. உள்ளே குளிர்ந்தபிறகு அது மணிக்கு ஒரு யூனிட் போல எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 60-இல் ஓடும்போது அந்த ஒரு யூனிட்டை 60 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 17 வாட்-மணிதான். கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் நின்று நின்று மணிக்கு 20 கி.மீ. சராசரியில் நகர்ந்தால் அதே ஏசி கிலோமீட்டருக்கு 50 வாட்-மணி தின்னும். டயருக்குப் போவதைவிட இது அதிகம். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் இதைவிடவும் கூடுதலாக இழுக்கும். ஏறுவதற்கு முன் கண்ணாடிகளை இறக்கி உள்ளே தேங்கிய சூட்டை வெளியே விட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, நின்று கிளம்புவது. 40 கி.மீ. வேகத்தில் போகும் நம் 1,250 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 21 வாட்-மணி. ஷேர் ஆட்டோ, ஸ்பீடு பிரேக்கர், சிக்னல், குறுக்கே வரும் மாடு என்று 60 தடவை பிரேக் பிடித்தால் ஒன்றேகால் யூனிட். பெட்ரோல் காரில் இது முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடும். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்து, அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பெட்ரோல் காரை மிகவும் வாட்டும் நகரச் சாலையில் மின்சாரக் கார் சிக்கனமாக ஓடுவதற்கு இதுவே காரணம். தினசரி ஆபீஸ் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான எந்திரம் இன்று விற்பனையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கணக்கைப் போடுவோம். திருமங்கலத்தில் வீடு, தல்லாகுளத்தில் ஆபீஸ். திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை வழியாகப் போய்வர 50 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர், காற்று, ஏசி, நிற்பது கிளம்புவது எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி. ஆக ஒரு நாளைக்கு 6 யூனிட். 19.2 யூனிட் பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சில வருடம் கழித்துப் பேட்டரி 15 சதவீதம் தேய்ந்து 16 யூனிட்டுக்கு வந்தாலும், ஒருநாள் இரவு சார்ஜ் போட மறந்தால் மறுநாளும் ஆபீஸ் போய் வீடு திரும்பலாம். இதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் மூன்றேகால் லிட்டருக்கு மேல் எரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதாவது 6 யூனிட் வேலைக்கு 30 யூனிட் எரிகிறது, மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது.

அப்படியானால் 38 யூனிட் பேட்டரி யாருக்கு? திண்டுக்கல், விருதுநகர் என்று தினமும் அலைபவர்களுக்கு. வருடத்தில் இரண்டு தடவை சென்னை போவதற்காகப் பெரிய பேட்டரி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அந்த நாலு நாளுக்காக மீதி நாள் முழுக்கக் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும், அந்த எடையும் டயர் வழியாக யூனிட் தின்னும்.

கொடைக்கானல் மட்டும் தனிக் கணக்கு, ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் போவார்கள். நாலு பேரோடு 1,400 கிலோ எடையை 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கே ஏழரை யூனிட்டுக்கு மேல் வேண்டும், இழப்புகள் தனி. அதோடு 115 கி.மீ. போல ஓட வேண்டிய செலவையும் சேர்த்தால் 20 யூனிட்டைத் தாண்டும். சின்ன பேட்டரிக்காரர்கள் வத்தலக்குண்டு பக்கம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் மலையேற வேண்டும். இறங்கும்போது ஏற்றிய ஆற்றலில் நல்ல பங்கு திரும்பி வரும். ஆனால் ஒன்று: மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியால் திரும்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ள முடியாது. மோட்டார் பிடிக்காது, சாதாரண பிரேக் மட்டுமே மலை முழுக்கப் பிடிக்க வேண்டிவரும், சூடேறும். 80 சதவீதத்தோடு இறங்கினால் போதும்.

அப்புறம், பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டியாகோ, விண்ட்சர் இரண்டிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டுபிடித்த மின்முனை இது. லித்தியம் பேட்டரி ஆய்வுகளுக்காக 2019 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். இந்தப் பொருளில் பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் கழன்று வராது. தீக்கு உணவே ஆக்சிஜன்தானே. நிக்கல், கோபால்ட் கலந்த வகை எடை குறைவு, ஆனால் சூட்டைத் தாங்குவதிலும் பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவதிலும் இரும்பு பாஸ்பேட்டே மேல். 40 டிகிரி சர்வசாதாரணமாக அடிக்கும் ஊருக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். இந்த மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே நம் பக்கத்தில் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் ஒன்று 1953 முதல் இயங்கிவருகிறது. எத்தனையோ பேர் அதைப் பஸ்ஸில் கடந்து போயிருப்போம்.

இரும்பு பாஸ்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 70 சதவீதம் இருந்தாலும் 40 இருந்தாலும் வோல்ட்டில் மிகச் சிறிய வித்தியாசம்தான். வோல்ட்டை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாததால், உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் கூட்டிக் கழித்தே வண்டி சதவீதம் காட்டுகிறது. நாள்பட அதில் சிறு பிழை சேரும். அவ்வப்போது 100 சதவீதம் வரை மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்வது அந்தக் கணக்கை நேர் செய்யத்தான், நிரம்பும் இடத்தில்தான் வோல்ட் சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுக்கும்.

பேட்டரியைத் தேய்ப்பதில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேண்டாத வேதிவினைகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. முழு சார்ஜும் கடும் சூடும் சேர்ந்து, வண்டி மணிக்கணக்கில் சும்மா நிற்பதுதான் மிக மோசம். அதனால் ஆபீஸில் நிழல் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்த சூட்டோடு ப்ளக்கைச் சொருகாமல் இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள். பேட்டரியைக் குளிர்விப்பது திரவமா வெறும் காற்றா என்றும் கேட்டு வையுங்கள், திரவம் என்றால் நல்லது.

இனி வீட்டு ப்ளக். அன்றாடம் செலவான 6 யூனிட்டை ஏற்ற, இழப்பு சேர்த்து 7 யூனிட் வேண்டும். 15 ஆம்பியர் ப்ளக்கில் 3.3 கிலோவாட் சார்ஜர் போட்டால் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேக சார்ஜ் வசதி இல்லாமல் வந்த காமெட் தினசரி ஓட்டத்துக்குக் குறையில்லாத வண்டி என்று நான் சொல்வதும் இதனால்தான். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், மாசி வீதிகளில் நுழைத்து நிறுத்த அது ஒரு வரம்.

ஆனால் அந்த ப்ளக் பாயின்ட்டை அலட்சியமாக விடக் கூடாது. சார்ஜர் மணிக்கணக்கில் 14 ஆம்பியர் இழுக்கும். பாயின்ட்டின் பிடி தளர்ந்து 0.1 ஓம் மின்தடை இருந்தாலே, 14-ஐ 14-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்குங்கள், 20 வாட் சூடு. ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்தச் சூடு இரண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிற்கும். பழைய வீட்டு ஒயரில் இந்த வேலை ஆகாது. மீட்டர் போர்டிலிருந்தே தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனி சாக்கெட். சார்ஜ் ஆரம்பித்து அரை மணி கழித்து ப்ளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

எர்த் இன்னும் முக்கியம். எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு மறுத்துவிடும். பலர் அதை வண்டிக் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறார்கள். எர்த் குழி ஈரத்தை நம்பியே வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் மண் காய்ந்து வெடித்தால் மின்தடை ஏறிவிடும். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கோடையில் வாரம் ஒருமுறை குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கரண்ட் பில்லில் இலவசமாகக் கிடைக்கும் யூனிட் வீட்டுக்கே தீர்ந்துவிடும். காரின் யூனிட் எப்போதும் மேல் ஸ்லாபில்தான் விழும். மாதம் 25 நாள் ஓடினால் இரண்டு மாத பில்லில் 350 யூனிட் கூடும். 300 யூனிட்டில் இருந்த வீடு 500-ஐத் தாண்டிப் போய்விடும், அங்கே மற்ற யூனிட்களுக்கும் சலுகை குறையும். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் ஒரு நாள் ஓட்டம் 63 ரூபாய். பெட்ரோலுக்கு 330 ரூபாய்க்குக் குறையாது. சொந்த வீடும் மொட்டை மாடியும் இருப்பவர்கள் சோலாரையும் யோசிக்கலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் 2024-இல் அறிவிக்கப்பட்டது.

வண்டி நிறுத்தச் சொந்த இடமும் பக்கத்தில் ஒரு ப்ளக்கும் இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். தெருவில் நிறுத்தி, தினமும் பொது சார்ஜரைத் தேடுவது பணத்தையும் நேரத்தையும் தின்னும். வீட்டு ஓனர் எர்த்தோடு ஒரு பாயின்ட் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டால் அப்போது வாங்கலாம்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் காட்டும் ரிங் ரோட்டில் ஓட்டாதீர்கள். உங்கள் ஆபீஸ் வழியில், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, வழக்கமாகக் கூட வருபவரையும் ஏற்றிக்கொண்டு போய்வாருங்கள். டிரிப் மீட்டரை முதலில் பூஜ்யமாக்கி, முடிவில் கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி என்று பாருங்கள். 130-க்குள் நின்றால் சின்ன பேட்டரிக்கே புக்கிங் போடலாம். 150-ஐத் தொட்டால் நாலு டயரிலும் காற்று பார்க்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.