டர்ன்டேபிள் வாங்கும் முன் எஞ்சினை அளந்துவிடுங்கள்

மாதிரி ரயில் லேஅவுட் கட்டித் தருவது என் தொழில். அதில் டர்ன்டேபிள் என்பது வட்டக் குழிக்குள் சுழலும் பாலத்தில் எஞ்சினை ஏற்றி, வேண்டிய தடத்துக்குத் திருப்பிவிடும் அமைப்பு. டர்ன்டேபிள் சரியில்லை என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பல நேரம் பொருளில் பழுதே இருக்காது. அளவு தவறாகியிருக்கும்.

ஒருவர் எச்ஓ அளவில், அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்கில், 90 அடிப் பாலத்தின் மாதிரியை வாங்கினார். சுற்றிலும் எட்டுத் தடம் பதித்து, ஜல்லியும் ஒட்டியாயிற்று. அதன்பிறகு ஆசைப்பட்டு ஒரு பெரிய நீராவி எஞ்சின் வாங்கினார். பாலத்தில் ஏற்றினோம். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் கடைசிச் சக்கரம் மட்டும் வெளித்தடத்திலேயே நின்றுவிட்டது. எட்டே மில்லிமீட்டர்தான். அதற்காகக் குழியையும் எட்டுத் தடங்களையும் பெயர்த்தோம்.

எஞ்சினின் முழு நீளத்தைப் பார்க்காதீர்கள். முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் கடைசிச் சக்கரம் வரை அளந்து, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்ஓ அளவில் 90 அடிப் பாலம் 31.5 செ.மீ. வரும், 130 அடி 45.5 செ.மீ. வரும். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேயின் பிரமாண்ட நீராவி எஞ்சினான பிக் பாய்க்குச் சக்கர நீளம் மட்டுமே 117 அடி 7 அங்குலம், அதாவது மாதிரியில் 41 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அதை ஓட்டும் எண்ணம் இருந்தால் 130 அடிக்குக் குறைந்து எதையும் பார்க்க வேண்டாம்.

பெரிய பாலம் பெரிய இடமும் கேட்கும். குழியின் மையத்திலிருந்து லோகோ ஷெட்டின் பின்சுவர் வரை ஒரு மீட்டரை நெருங்கிவிடும். முதலில் காகிதத்தில் வட்டம் வெட்டிப் பலகைமேல் விரித்துப் பாருங்கள். அந்த அகலம் இல்லாவிட்டால் சின்ன எஞ்சின்களோடு சின்னப் பாலமே நல்லது என்பேன்.

அடுத்தது மோட்டார். மலிவாகக் கிடைக்கிறது என்று, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரை நேராக அச்சில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 200 படி என்றால் 45 செ.மீ. பாலத்தின் நுனி ஒவ்வொரு படிக்கும் 7 மில்லிமீட்டர் நகரும். ஒரு படியை 16 ஆகப் பிரித்தாலும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வரும். தண்டவாளத்தின் மேல்முகமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பாதி விலகி நின்றால் சக்கரம் தட்டும், சின்ன எஞ்சின் தடம் புரளும். நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் குறைத்த டர்ன்டேபிளையே எடுங்கள். பல்சக்கரத்தில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அதனால் எந்தத் தடத்துக்குப் போனாலும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி அமையுங்கள்.

இரண்டு தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் லேஅவுட்டில் பாலம் அரைச் சுற்று திரும்பினால் இடது வலதாகிவிடும், ஷார்ட் ஆகும். எஞ்சின்களை டிஜிட்டல் சிக்னலால் இயக்கும் டிசிசி முறை என்றால், மின்முனைகளைத் தானாக மாற்றிவிடும் ஆட்டோ ரிவர்ஸர் போட்டால் தீர்ந்தது. சில டர்ன்டேபிள்களில் குழிக்குள் இரண்டாகப் பிளந்த வளையமே இந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பிளவுக்கு நேரே தடம் போடாதீர்கள். பாலம் அங்கே வந்து நின்றால் எஞ்சினுக்கு மின்சாரம் கிடைக்காது.

கடையில் பார்க்கும்போது திருப்பிப் பிடித்து, மோட்டாரைக் கீழிருந்தே கழற்ற முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலிருந்துதான் கழற்ற முடியும் என்றால், ஒரு கம்பி அறுந்தாலும் ஒட்டிய ஜல்லியைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.