கிளாரிஃபையர்: ‘தெளிவாக்கி’ அன்று, ‘ஏற்பு நுண்ணிசைவி’

யாயெசு எஃப்டி-817 போன்ற, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஹாம் டிரான்சீவர்களை, அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் கருவிகளைத் தமிழில் விளக்குவோர், அவற்றில் ஏற்கும் அதிர்வெண்ணை மட்டும் சற்றே நகர்த்தும் வசதியான கிளாரிஃபையரை மீண்டும் மீண்டும் ‘தெளிவாக்கி’ என்றே எழுதுகின்றனர். இச்சொல் பிழையானது, பழகுவோரைத் தவறான குமிழிடம் அனுப்புவது.

மூலம் இலத்தீன்: ‘கிளாருஸ்’ என்றால் தெளிந்தது, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். ஹாம் உரையாடலில் வழங்கும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், குரலைச் சுமக்கும் ஊர்தி அலை அனுப்பப்படுவதில்லை. ஏற்கும் கருவியே அதை உண்டாக்கிக்கொள்கிறது. அது சில நூறு ஹெர்ட்ஸ் விலகினாலே குரல் கீச்சென்றோ கட்டையாகவோ கேட்கும். அவ்விலகலைத் திருத்தினால் பேச்சு தெளிவதால் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது.

ஆகவே அப்பெயர் காதுக்குக் கிட்டும் பயனைச் சொல்கிறதேயன்றி, கருவிக்குள் நிகழும் செயலைச் சொல்லவில்லை. தமிழில் ‘தெளிவாக்கி’ என்றவுடன், கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் வண்டல் அடங்குவதைப் போல, இரைச்சலை அடக்கும் ஒரு வடிகட்டிதான் நினைவுக்கு வரும். கிளாரிஃபையரோ எதையும் வடிப்பதில்லை. அனுப்பும் அதிர்வெண்ணை அப்படியே நிறுத்தி, ஏற்கும் அதிர்வெண்ணை மட்டும், எஃப்டி-817-இல் இருபுறமும் 9.99 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்துகிறது. எதிர்முனையில் இருப்பவர் சற்று விலகிப் பேசும்போது முதன்மைக் குமிழைத் திருப்பினால் நம் அனுப்பலும் கூடவே நகரும். அவரும் நம்மைத் துரத்தித் தம் குமிழைத் திருப்ப, உரையாடல் அதிர்வெண் பட்டை நெடுக ஊர்ந்துகொண்டே போகும். இதைத் தடுப்பதற்கென்றே உள்ள வசதிக்கு, இரைச்சல் நீக்கும் பொருளில் பெயர் வைப்பது எவ்வாறு பொருந்தும்?

எஃப்டி-817-இல் இக்குழப்பம் இருமடங்காகிறது. ஒரே பொத்தானைச் சற்றே அழுத்தினால் கிளாரிஃபையர். ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் இடைநிலை அதிர்வெண் நகர்த்தல். பின்னதுதான் வடிகட்டியைச் சார்ந்தது: குரலின் சுருதி மாறாமல், வடிகட்டி அனுமதிக்கும் பட்டையை மட்டும் ஒருபுறம் தள்ளி அண்டை நிலையத்தின் இடையூற்றைக் குறைக்கும். இதற்கன்றோ ‘தெளிவாக்கி’ ஓரளவேனும் பொருந்தும்! குமிழைத் தொட்டுப் பாராமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்போர், சொல்லின் தோலை உரித்து வைத்துவிட்டுப் பொருளைக் கைவிடுகின்றனர். அத்தகைய தமிழைவிட ‘கிளாரிஃபையர்’ என்று எழுத்துப்பெயர்ப்பாக விடுவதே மேல்; தூய தமிழை விரும்பும் நான் இதை மனமொப்பியே சொல்கிறேன்.

ஆயினும் நல்ல தமிழ்ச்சொல் ஆக்க இயலாத இடமன்று இது. டியூனிங் என்பதை ‘இசைவித்தல்’ என்கிறோம். பிற கருவிகளில் இதே வசதிக்கு வழங்கும் ஆர்.ஐ.டி. என்னும் பெயரும் ஏற்பதைச் சிறிது சிறிதாக இசைவித்தல் என்றே விரிகிறது. எனவே ‘ஏற்பு நுண்ணிசைவி’ என்பதே பொருந்தும். எலகிராஃப்ட் கேஎக்ஸ்3 என்னும் மற்றொரு டிரான்சீவரில் அனுப்பலை மட்டும் நகர்த்தும் எக்ஸ்.ஐ.டி. வசதியும் உண்டு, அதற்குப் ‘பரப்பு நுண்ணிசைவி’ என்று இணைச்சொல் உடனே அமைகிறது. ‘தெளிவாக்கி’யை ஏற்றுக்கொண்டவர்களால் இதற்கு ஒரு பெயர் சூட்டவே முடியாது.