கலங்கரை விளக்கம்: இதில் 'கரை' என்பது கடற்கரையா?

கோடிக்கரைப் பக்கம் 'லைட் ஹவுஸ்' என்றுதான் வழி கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் அது கலங்கரை விளக்கம். கலம், அதாவது கப்பல், நிற்கும் கரையில் உள்ள விளக்கு என்றுதான் பலரும் பிரித்துப் பொருள் கொள்கிறோம். ஆனால் இங்கே கரை என்பது நிலம் இல்லை, வினை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான். கலம் + கரை + விளக்கம்: கலங்களைக் கூப்பிடும் விளக்கு. இலக்கணப்படி 'கரை விளக்கம்' வினைத்தொகை.

இதற்குச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. ஏணி சாத்திய, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவில் தீ எரிகிறது. அது 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறார் புலவர். அது தொண்டை நாட்டுத் துறை. சொல் முழுதாக வருவது நம் காவிரிப்பூம்பட்டினத்தில், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில்: 'இலங்குநீர் வரைப்பிற் கலங்கரை விளக்கமும்'.

அந்த இடத்தை முழுதாகப் படிக்க வேண்டும். இரவுக் கடற்கரையில் எத்தனை விளக்குகள்! பூவும் சாந்தும் விற்பவர்கள் வைத்தது, பிட்டு விற்பவர்கள் வைத்தது, அப்பம் சுடுவோரின் அகல், மீன் விற்பவர்களுடையது, பரதவரின் திமில் என்னும் மீன்படகில் உள்ள விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டாரின் அணையாத விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. இத்தனைக்கும் நடுவில்தான் கப்பலை அழைக்கும் விளக்கும் வருகிறது. தனிப் பெருமையோடு இல்லை, ஊரின் வேலைகளில் ஒன்றாக. எனக்கு இதுதான் பிடித்தது.

விளக்கம் என்பதும் இங்கே விளக்குதான், விவரித்தல் இல்லை.

டெல்டாக் கரைக்கு இப்படி ஒரு விளக்கு அவசியம். மலை, குன்று எதுவும் கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் தட்டையான ஒரு கோடு. கோடிக்கரையில் கரை மேற்கே திரும்பி, ஆழம் குறைந்த பாக் நீரிணை தொடங்குகிறது. அங்கே சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட ஒரு பழைய கலங்கரை விளக்கம் இடிந்த நிலையில் இருந்தது. 2004 சுனாமி அதையும் கொண்டுபோய்விட்டது.

அப்புறம், ஈழத்தில் 'வெளிச்சவீடு' என்பார்கள். எளிய, அழகான சொல். ஆனால் அது லைட் ஹவுஸின் நேர் பெயர்ப்பு. கூப்பிடுவது அதில் இல்லை. 'கலங்கரை' என்று மட்டும் வெட்டி எழுதுவதும் சரியில்லை, விளக்கே போய்விடுகிறது. கலங்கரை விளக்கம் என்றே முழுதாக எழுதலாம். கலங்கரை விளக்கு என்றாலும் பிழையில்லை.